நான் வாங்காத கத்தி

எங்கள் மேனேஜர் பொய் சொன்னார்.

திரி வெட்டும் அறையில் தீப்பிடித்ததற்குக் காரணம் நான் உள்ளே கொண்டுவந்த மடக்குக் கத்தி என்று விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சொன்னார். வாயால் சொன்னதோடு நிற்காமல் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

தாயில்பட்டிப் பக்கம் இருக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் திரி வெட்டினேன். வெடிமருந்து தோய்த்துக் காயவைத்த நூல்தான் திரி. கட்டுக்கட்டாக வரும். விரல் நீளத்துக்கு வெட்ட வேண்டும். வெட்டுவது பித்தளைக் கத்தியால். பட்டாசுக் கம்பெனிக்குள் இரும்பு போகக் கூடாது. இரும்பு உரசினால் பொறி வரும், மருந்துக்குப் பக்கத்தில் பொறி வந்தால் ஆள் மிஞ்சாது. அதனால் சாவி, பெல்ட், செல்போன் எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பெண்கள் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சாயங்காலம் அந்த டப்பாவைக் கிளறி, எது யாருடையது என்று தினம் ஒரு சண்டை நடக்கும்.

பித்தளையில் கூர் நிற்காது. காலையில் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பத்து மணிக்கு மழுங்கிவிடும். அதற்குப் பிறகு நசுக்கத்தான் முடியும். மறுபடி தீட்ட வேண்டும். பத்தொன்பது வருஷம் மழுங்கல் கத்தியோடு மல்லுக்கட்டியவனுக்கு நல்ல எஃகின் மேல் ஆசை வந்ததில் என்ன அதிசயம்?

முதல் கத்தியை விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் வாங்கினேன். மீன் மாதிரி வடிவத்தில் ஒரு பேனாக்கத்தி. அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பதினொன்று ஆயின. எல்லாம் மடக்குக் கத்திகள். திருத்தங்கலில் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் என் சிநேகிதன், டைரிப் பெட்டி செய்யும் அட்டையில் உள்ளே வெல்வெட் ஒட்டி ஒரு பெட்டி செய்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் துடைத்து, சொட்டு எண்ணெய் விட்டு, திறந்து மூடிப் பார்த்து உள்ளே வைப்பேன். ஒரு வெங்காயம்கூட அவற்றால் நறுக்கியதில்லை. ஒன்றுகூட வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

என் மனைவி சொல்வாள்: "அம்புட்டுக் கத்தி இருக்கு, ஒரு கத்திரிக்காய்க்கு வழியில்ல. சாமி கும்புடவா வச்சிருக்கீக?"

பன்னிரண்டாவதாக ஒரு நல்ல கத்தி வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பொருட்காட்சிச் சாமான் வேண்டாம், உண்மையிலேயே உயர்ந்த ரகம். விலையைச் சொன்னால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள், அதனால் சொல்லப் போவதில்லை. தேர்ந்தெடுக்க எட்டு மாதம் ஆனது. மடக்கிவைத்தால் அலகு இரண்டு பக்கமும் முட்டாமல் நடுவில் நிற்க வேண்டும். திறந்து ஆட்டினால் மயிரளவும் ஆடக் கூடாது. பூட்டு தானாக விழ வேண்டும், ஆனால் ஒரு கட்டைவிரலால் விடுவிக்க வர வேண்டும். இதையெல்லாம் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்காகவே ஒரு நாள் லீவு போட்டு மதுரைக்குப் போனேன்.

அங்கே ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கத்தி இருந்தது. சாம்பல் நிறம். அலகில் விரல் நுழைகிற மாதிரி ஒரு வட்டத் துளை. கடைக்காரர் அதை எடுத்து ஒரு துணியின் மேல் வைத்தார். கையில் எடுத்தேன். எடையே இல்லை. திறந்தால் தண்ணீரில் போவது போல அலகு போனது. என் போனைக் கடைக்காரரிடம் கொடுத்து, கத்தியோடு ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார், தாயில்பட்டிப் பக்கம் என்றேன்.

"பிடி டைட்டானியம், சார். காந்தம் ஒட்டாது, துரு ஏறாது. உங்க ஊருக்கு ஏத்தது. பொறியே வராது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "அண்ணாச்சி, எங்க ஊர்ல டைட்டானியத்தப் பொடியாக்கிப் புஸ்வாணத்துல போடுவோம். அந்த வெள்ளைப் பூ பூரா அதுதான். பொறி வராதுன்னு எங்கிட்டயே சொல்றீக!"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல கத்திதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பகல் பூராவும் எந்தப் பொடிக்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேனோ, அதே சாமானை ஞாயிற்றுக்கிழமை மடியில் வைத்துத் துடைக்க எனக்கு மனசு வரவில்லை. துணியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கம்பெனிக்கு எதிரே டீக்கடையில், டைட்டானியம் பிடி என்று சொல்லி அந்தப் போட்டோவை நாலு பேரிடம் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. பக்கத்தில் மேனேஜர் நின்றார். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்னய்யா, டைட்டானியமா? பெரிய துரைதான்."

"ஆமா சார்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. வாங்கினேனா இல்லையா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் வாங்கியது வேறு. சென்னையில் ஒருவர் விற்கும் கத்தி. அதன் பிடி காகிதம். தாளைத் தாள் மேல் அடுக்கி, பசை ஊற்றி, அழுத்தி இறுக்கிச் செய்தது. கல் மாதிரி இருக்குமாம், ஆனால் தொட்டால் சில்லென்று இருக்காதாம். என் மனைவி வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். போனில் படத்தைக் காட்டியதும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காயிதத்துலயா பிடி? நான் உருட்டுற குளாய்லயும் ரெண்டு பிளேடச் செருகித் தாரேன். எனக்கும் அந்தத் துட்டத் தாங்க."

அப்புறம் அவளே சொன்னாள்: "இத வாங்குங்க. இதாவது நம்ம ஊர்ச் சாமான் மாதிரி இருக்கு." ஆர்டர் போட்டேன். மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் எல்லாம் நடந்தது. தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்தது. லோடு நிற்கிறது, திரி போதவில்லை என்று மேனேஜர் கத்திக்கொண்டே இருந்தார். ஒரு நாள் மத்தியானம் திரி வெட்டும் அறைக்கு வந்தார். கையில் ஒரு ஆக்சா பிளேடு. இரும்புக் கம்பி அறுக்கும் அதே பிளேடு. பல்லைத் தேய்த்துக் கூராக்கி, ஒரு முனையில் துணி சுற்றியிருந்தது.

"இதுல வெட்டு. சீசன் முடியிற வரைக்கும்தான்."

"சார், இது இரும்பு."

"இரும்புன்னு எனக்குத் தெரியாதா? பாத்து வெட்டு."

"என்னால ஆகாது சார்."

"ஒம்பாட்டுக்குத் தீட்டிக்கிட்டே இரு, தீபாவளி முடிஞ்சு கார்த்திகை வந்துரும்" என்றார். மறுநாள் என்னை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். என் இடத்தில், என் தெருவில் இருக்கும் ஒரு பெண்ணை உட்கார வைத்தார். என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். உட்காராதே என்று அவளிடம் சொன்னேன். "எனக்கு வேலை வேணும்ணே" என்றாள். அதிகாரிகளுக்கு நான் எழுதிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அது என் பங்கு, அதை நான் மறைக்கவில்லை.

மூன்றாவது நாள் காலை பதினொரு மணிக்குத் தீப்பிடித்தது. அந்த அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள், மற்றவர்கள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தார்கள். கதவு பக்கத்திலேயே இருந்ததால் உயிர் தப்பியது. வலது கை போய்விட்டது. இருக்கிறது, ஆனால் இரண்டு விரல்கள் ஒன்றாக ஒட்டிவிட்டன, மற்ற மூன்றும் மடங்காது. நாங்கள் அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வண்டிப் பக்கம் வரவில்லை. புகைந்துகொண்டிருந்த அறைக்குள் போய், ஈரச் சாக்கில் எதையோ சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அதை நான் பார்த்தேன். என்னோடு இன்னும் மூன்று பேர் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே மேனேஜர் பேச்சைக் கேட்டு போலீஸ்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். பெட்டியை எடுக்கச் சொன்னார்கள். பதினொரு கத்தியையும் கட்டிலில் பரப்பிப் போட்டோ எடுத்தார்கள். ராத்திரிக்குள் அது ஊரில் எல்லார் போனிலும் இருந்தது. அடுத்த நாள் முதல் எனக்குப் பெயர் கத்திக்காரன்.

விசாரணையில் மேனேஜர் எழுதிக் கொடுத்ததை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் முந்தின நாள் ஒரு மடக்குக் கத்தியை உள்ளே கொண்டுவந்து அந்தப் பெண்ணுக்குத் திரி வெட்டக் கொடுத்தேனாம். காந்தத்தில் ஒட்டாத ரகமாம், அதனால் கேட்டில் பிடிபடவில்லையாம். சாம்பல் நிற டைட்டானியம் பிடியாம், அலகில் வட்டத் துளையாம்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"சார், அது நான் வாங்காத கத்தி."

"அப்ப வாங்குனது எது?"

"காகிதப் பிடி போட்டது. இன்னும் வரல."

"வராத கத்திய எப்படிய்யா சாட்சிக்குக் கூப்புடுவ? இந்தா, ஒன் போன்ல ஒன் கையிலதான இருக்கு இது?"

"கடையில பாக்க எடுத்தேன் சார்."

"பாக்க எடுத்தவன் எதுக்குப் போட்டோ எடுக்கணும்?"

ஆசைப்பட்ட பொருளைப் படம் எடுக்காதவன் யார்? ஆக்சா பிளேடைப் பற்றியும் ஈரச் சாக்கைப் பற்றியும் சொன்னேன்; கூடப் பார்த்த மூன்று பேரும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நாலு நாள் கழித்து பார்சல் வந்தது. பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு அந்த அதிகாரியிடம் போய், அவர் மேஜையில் வைத்துப் பிரித்தேன். எட்டு மாதம் காத்திருந்த கத்தியை முதலில் திறந்தது அவர். திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "நல்லாத்தான் இருக்கு. எங்க கிடைக்குது?" என்று கேட்டார். அப்புறம், "இது இல்லேன்னா வேற ஒண்ணா இருக்கும். பதினொண்ணு வச்சிருக்கவன் பன்னெண்டு வச்சிருக்க மாட்டானா?" என்றார்.

திரும்ப மதுரைக்குப் போனேன். அந்தச் சாம்பல் கத்தி அதே கண்ணாடிப் பெட்டிக்குள், அதே இடத்தில் இருந்தது. இந்த ரகத்தில் ஒன்றுதான் வந்தது, இதுவரை விற்கவில்லை என்று கடைக்காரர் சொன்னார். எழுதித் தரச் சொன்னேன். எழுதிக் கடை முத்திரை போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி ஃபைலில் வைத்தார்கள். அதற்குப் பிறகு பேச்சு மூச்சு இல்லை.

அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணே. சாப்பிட்டீகளா?" என்றாள்.

"ஒனக்கு நான் கத்தி கொடுத்தேனாம்மா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லண்ணே. ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் கம்பெனிதான் பாக்குது. இன்னும் ஒரு ஆப்ரேசன் இருக்காம்." அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு அந்த ஆப்ரேசன் வேண்டும். அவளை இந்த நிலைமையில் உட்கார வைத்தவர் மேல்தான் கோபம்.

எனக்கு இப்போது வேலை இல்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்டிலேயே கேட்கிறார்கள், நீதானே அந்தக் கத்திக்காரன் என்று. மனைவி உருட்டும் குழாயில் வீடு ஓடுகிறது. புதுக் கத்தி பெட்டிக்குள் கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அதை எடுத்துத் துடைக்கவில்லை.

போன வாரம் மேனேஜர் ஆள் அனுப்பினார். "இத இத்தோட விட்ருங்கண்ணே, அடுத்த சீசனுக்கு வேற யூனிட்ல சேத்துக்கிறேன்னு சார் சொல்றாக" என்றான் வந்தவன். தனியாக ஒரு நாள் வந்து பேசச் சொன்னாராம்.

தனியாகப் பேச எனக்கு ஒன்றும் இல்லை, மேனேஜர் சார். நீங்கள் போட்டோவில் பார்த்த கத்தி மதுரையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். கடையை விட்டு வெளியே வராத கத்தி எப்படி உங்கள் கேட்டைத் தாண்டியது? ஈரச் சாக்கில் சுருட்டி எடுத்தீர்களே, அது எங்கே? காலையில் பெண்கள் ஹேர்பின்னை உருவி டப்பாவில் போடும் நேரத்துக்கு கேட்டுக்கு வாருங்கள், நானும் வருகிறேன். இந்த இரண்டு கேள்விக்கும் அவர்கள் எல்லாரும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.