கண்டி ராசா என்ன குடி?

நான் கணக்கு வாத்தியார். பின்னம், விகிதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவேன். சரித்திரம் எனக்கு ஆகவே ஆகாது. அப்படிப்பட்டவன் தலையில் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், சாய்ந்தமருதில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்து அதிபர் ஒன்பதாம் ஆண்டுச் சரித்திரத்தைக் கட்டிவிட்டார்.

“சரித்திர டீச்சர் போய் அஞ்சு வருஷமாகிட்டு. இனியும் ஆள் வரும் எண்டு பார்த்திட்டு இரிக்கேலா. நீங்களே எடுங்க சேர்,” என்றார். அதோடு விட்டாரா? வாசிப்பு அலுமாரிக்குப் கண்டி ராசாக்கள் போர்த்துக்கேயரோடு போட்ட சண்டையைப் பற்றி ஒரு புத்தகமும் தெரிவு செய்யச் சொன்னார். “ஒண்டும் தெரியாத புள்ளைக்கும் விளங்கணும்.”

ஒன்றும் தெரியாத பிள்ளை அவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது.

கல்முனை பஸாரில் புத்தகக் கடைக்காரர் மூன்றை எடுத்துத் தந்து, வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். ஒன்று தலையணை மாதிரித் தடிப்பு. ஒரே பெயரில் நாலு பேர் வந்து என் உயிரை வாங்கினார்கள். இரண்டாவது இந்தியாவில் அச்சடித்தது. அதில் எங்கள் நாட்டுக்கு மூன்றே பக்கம். மூன்றாவது படப் புத்தகம். இதுதான் சரி என்று மனம் குளிர்ந்து திறந்தால், போர்த்துக்கேயனுக்கும் ஒல்லாந்தனுக்கும், அதுதான் டச்சுக்காரனுக்கும், ஒரே தொப்பி. யார் யாரை வெட்டுகிறான் என்று படத்தைப் பார்த்தும் பிடிபடவில்லை.

சண்டை அதைவிட மோசம். போர்த்துக்கேயரோடு படையில் வந்த ஒருவன் அவர்களுக்கே எதிராகத் திரும்பிக் கண்டி ராசாவாகிறான். அடுத்த ராசா அவர்களோடு சமாதானம் பேசுகிறான். அவன் மகன் ஒல்லாந்தரைக் கூப்பிட்டுப் போர்த்துக்கேயரை விரட்டுகிறான். பிறகு அந்த ஒல்லாந்தரோடேயே மல்லுக்கு நிற்கிறான். வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, “சேர், ஒல்லாந்தக்காரன் நம்மட பக்கமா, மத்தப் பக்கமா?” என்று கேட்டாள்.

“போன கிழமை நம்மட பக்கம்,” என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே ரோட்டிலும் அந்த நாட்களில் யார் யார் பக்கம் என்பது அப்படித்தான் மாறிக்கொண்டிருந்தது.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். எங்கள் பகுதியில் ஒரு மனிதரை இன்னார் என்று அறிய, முதலில் குடியைக் கேட்போம். குடி என்றால் தாய்வழி வம்சம். உம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. வாப்பா அந்த வீட்டுக்குக் கலியாணம் முடித்து வந்த வேறு குடிக்காரர். ஆகவே கொப்பித் தாள் ஒன்றில் கோடு போட்டு, ராசாக்களின் தாய்மாரைத் தேடினேன். மூன்று புத்தகத்திலும் தகப்பன், மகன், தம்பி. தாயைக் காணோம். தாய் தெரியாத ராசாக்களை ஆளுக்கொரு குடியில் போட்டுவிட்டு, வெவ்வேறு குடிக்காரன்கள் எப்படி ஒரே சிம்மாசனத்தில் ஏறினான்கள் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “கண்டியில சம்பந்தம் பேசப் போறீங்களா? ராசாட குடியெல்லாம் விசாரிக்கிறீங்க,” என்றாள்.

கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான், இதைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற நினைப்பும் வந்தது.

பழைய சரித்திர டீச்சர் பாண்டிருப்பில் இருந்தார். அவர் தமிழர், நான் முஸ்லிம்; என் வயதுதான். ஆசிரியர் அறையில் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். பொங்கலுக்கு அவர் வீட்டுப் பொங்கல் வரும், பெருநாளுக்கு எங்கள் வீட்டு வட்டிலாப்பம் போகும். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கலவரம் வந்த அந்த வருஷம் அவர் வருவது நின்றது. அவருடைய கணவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பக் கொண்டுவரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் பக்கத்திலும் கொலை நடந்து மையித்துகள் விழுந்த நேரம். போக வேண்டும், போக வேண்டும் என்று இருந்தேன். போகவில்லை. கல்முனை பஸாரிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷ தூரம். ஐந்து வருஷம் போகவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

அன்றைக்குப் போனேன். சோதனைச் சாவடியில் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். டீச்சர்தான் கதவைத் திறந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

“சேரா? வாங்க, இருங்க.”

வழியெல்லாம் யோசித்து வைத்தது வேறு. பையைத் திறந்து மூன்றையும் மேசையில் வைத்தேன். “இதுல எது டீச்சர் புள்ளைகளுக்கு நல்லம்?” ஐந்து வருஷத்துக்குப் பிறகு நான் அவரிடம் கதைத்த முதல் கதை அதுதான்.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடுவில் என் கொப்பித் தாள் கிடந்தது. பார்த்தார். உதட்டோரம் மெல்லச் சிரித்தார்.

“ராசாக்களுக்கும் குடி பார்த்தீங்களா?”

“தாய் ஆரெண்டு ஒண்டுலயும் இல்ல டீச்சர்.”

“நாங்களும் குடி பார்க்கிற ஆக்கள்தானே. உங்கட வழி பிழையில்ல. தாயை மட்டும் பார்த்தா எப்பிடி? பொஞ்சாதியையும் பார்க்கணும்.”

உள்ளே போய், மண்ணிறத் தாளில் உறை போட்ட மெல்லிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. ஒரு ராணியின் பெயரில் விரலை வைத்தார். போர்த்துக்கேயர் வளர்த்த இளவரசி அவள். முதல் ராசா அவளைப் பிடித்துக் கலியாணம் முடித்தான். அவன் செத்ததும் அடுத்த ராசாவும் அவளையே முடித்தான். ஒல்லாந்தரைக் கூப்பிட்டவன் அவள் பெற்ற பிள்ளை. “ராசாக்கள் எல்லாம் அவட வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைமார் எண்டு வச்சுக்கொள்ளுங்க. புள்ளைகளுக்கு நான் அப்பிடித்தான் சொல்லிக் குடுத்த.”

பத்து நிமிஷத்தில் சண்டை விளங்கிவிட்டது. உறையைத் திருப்பினேன். எங்கள் பள்ளிக்கூடத்து முத்திரை.

“கடைசியா வந்த அண்டு, அடுத்த நாள் பாடத்துக்கு எண்டு எடுத்திட்டு வந்தது,” என்றார். “இதைத் தேடியெண்டாலும் ஆராவது வருவீங்க எண்டு வச்சிருந்தன்.”

புத்தகங்களைப் பையில் போட்டு எழும்பினேன். “வாறன் டீச்சர்.”

“புத்தகம் வந்து சேர்ந்திட்டு,” என்றார் அவர், கதவைப் பிடித்தபடி. “இனி என்னத்துக்கு வரப் போறீங்க?”

பகிடியா, நெஞ்சில் கிடந்ததைச் சொன்னாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாசல் கேற்றடி வரை போய்த் திரும்பி வந்தேன். உறை போட்ட புத்தகத்தை எடுத்து அவரிடமே நீட்டினேன். “ஒல்லாந்தக்காரன் வாற இடம் இன்னும் குழப்பமா இரிக்கி. இது இஞ்சயே இரிக்கட்டும். கிழமைக்கு ஒரு பாடம் வந்து கேட்கிறன்.”

அவர் வாங்கிக்கொண்டார்.

கடைக்காரரின் மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அதிபர் கேட்டார்: “புத்தகம் தெரிவு செஞ்சாச்சா?”

“ஓம். நம்மட பள்ளிக்கூடத்துப் புத்தகம்தான். பாண்டிருப்பில, டீச்சர்ட வீட்ட இரிக்கி.”

அவர் பேனையை வைத்தார். அவரும் ஒரு நாளும் போனவரில்லை. “எப்பிடி இரிக்காவாம்?” என்று கேட்டார்.

ராசாவைப் பற்றிக் கேட்டேன், ராணியைப் பற்றிக் கேட்டேன். அதை மட்டும் கேட்காமல் வந்திருந்தேன்.