சிறிய தாடை யாருடையது

சூரியநெல்லி எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ஜின்சன். படித்தது பல்செட் செய்யும் படிப்பு. "டாக்டருக்கா படிக்கான்?" என்று யாராவது கேட்டால் அவன் அம்மா விடமாட்டாள். "டாக்டரு புடுங்குறதுக்கு. எம்மவன் கட்டுறதுக்கு" என்பாள்.

கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சில வருஷம், மெஷின் வெட்டித் தள்ளும் பற்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். அது சலித்துப்போய் மூணாறுக்குத் திரும்பி, பல் டாக்டர் ஸ்ரீரஞ்சனியின் கிளினிக்குக்குப் பின்னால் ஓர் அறை பிடித்தான். கல்பாத்திக்காரரான டாக்டர் முழு பல்செட்டுகளை அதுவரை கோயம்புத்தூருக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இந்த ரெண்டு பேருக்கும் பண்ணுங்கோ. நன்னா வந்தா இனிமே எல்லாம் உங்களுக்குத்தான். இல்லைன்னா பழையபடி கோயம்புத்தூர்" என்றார்.

அந்த இரண்டு பேர், ஜின்சனின் லயத்துக்காரர்களான, தேயிலை பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மத்தியாஸும் அவர் மனைவி செபமாலையம்மாளும். எஸ்டேட்டில் வயதானவர்கள் தனித்தனியாக டாக்டரிடம் வருவதில்லை. ஜீப் பிடித்தால் ஜோடியாக வந்து, இருவர் வேலையையும் ஒரே நடையில் முடித்துக்கொள்வார்கள். வருகிற ஞாயிறு மாதா கோயிலில் அவர்களுக்குக் கல்யாண ஜூபிலி பூசை. அதற்குள் இருவருக்கும் மேல்வரிசைப் பல் வேண்டும்.

டாக்டர் இருவர் வாயிலும் மாவு வைத்துப் பதிவெடுத்த மேல்தாடை அளவுகளில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தான் ஜின்சன். மூணாற்று மழையில் பிளாஸ்டர் லேசில் காயாது. ஹீட்டருக்கு முன்னால் வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தபோது, பெயர் எழுதி ஒட்டியிருந்த சீட்டுகள் இரண்டும் கழன்று தரையில் கிடந்தன. ஓர் அச்சு அகலம், ஒன்று சின்னது.

டாக்டரிடம் கேட்டிருக்கலாம். முதல் வேலையிலேயே கேட்பதா? கல்லூரியில் மண்டையோட்டு மாதிரிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தவன் அவன். ஆணுக்குப் புருவ எலும்பு துருத்தும், தாடை அகன்று முகவாய் சதுரமாக இருக்கும். பெண்ணுக்கு நெற்றி வழவழக்கும், தாடை ஒடுங்கும். இதற்கு மேல் என்ன வேண்டும்? அகன்றது ஐயாவுக்கு, சின்னது அம்மாவுக்கு. அகன்றதில் பெரிய சதுரப் பற்களையும், சின்னதில் முல்லை அரும்பு மாதிரிப் பற்களையும் மெழுகில் பதித்தான்.

போட்டுப் பார்க்கும் நாளில் மத்தியாஸ் வாய்க்குள் அது தொளதொளத்து நாக்கில் விழுந்தது. செபமாலையம்மாளுக்கு உள்ளேயே ஏறவில்லை. டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்து இரண்டையும் கழுவி மாற்றிப் போட்டார். கச்சிதமாக உட்கார்ந்தன.

செபமாலையம்மாள் கண்ணாடியைப் பார்த்தாள். மத்தியாஸ் அவளைப் பார்த்தார்.

"ஏய், அப்பிடியே உங்கண்ணன் மாதிரில்ல இருக்க!"

"நீங்க மட்டும்? புதுப்பொண்ணு கணக்கா இளிக்கீங்க."

ஓரமாக நின்ற ஜின்சன் இரண்டு அச்சுகளையும் எடுத்து மாறி மாறிப் பார்த்தான். தனக்கு வரவேண்டிய வேலையை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் அவன் மனக்கண்ணில் புறப்பட்டுவிட்டது.

"ஐயாவுக்கு மேல்பல் போய் எத்தனை காலமாச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"இவன் அம்மை கல்யாணமாகி எங்க லயத்துக்குக் குடிவந்தப்பவே நான் பொக்கைதான்" என்று மத்தியாஸ் ஜின்சனைக் காட்டினார்.

"எனக்குப் போன வருசம்லா புடுங்குனது" என்றாள் செபமாலையம்மாள்.

ஜின்சனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பல் போனால் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலையில்லை. அது வருஷா வருஷம் கரைந்து தேயும். கைக்குழந்தைக்கும் பொக்கைவாய்க் கிழவருக்கும் தாடை ஒன்றுபோலத் தாழ்ந்திருப்பதை அதே மண்டையோட்டு வரிசையில்தான் பார்த்திருந்தான். ஆணா பெண்ணா என்று மட்டும் பார்த்தவன், காலத்தைப் பார்க்க மறந்துவிட்டான்.

"சீட்டு கழண்டுருச்சு, டாக்டர். கேக்காம நானா முடிவு பண்ணிட்டேன்."

"மெழுகுதானே, பெயர்த்து வெச்சாப் போச்சு. ஜீப்புக்கு முன்னாடி ஆகுமா?"

"ஆகும்."

விளக்கைப் பற்றவைத்து மெழுகை இளக்கி ஒவ்வொரு பல்லாகப் பெயர்த்து, இரண்டு மெழுகிலும் இடம் மாற்றினான். மத்தியாஸின் பற்களைத் தேய்ந்த எலும்பின் மேலேயே நடவில்லை. எலும்பு ஒரு காலத்தில் எங்கே இருந்திருக்குமோ அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னே தள்ளி நட்டான். போட்டதும் உள்ளே மடிந்திருந்த மேலுதடு நிமிர்ந்தது, ஒட்டிய கன்னம் மேலெழுந்தது.

செபமாலையம்மாள் கணவரின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இந்த மூஞ்சிய நம்பித்தான் டாக்டரம்மா நான் ஏமாந்தேன்."

"பூசைக்கு முந்தி ஓடிராத, ஏய்" என்றார் மத்தியாஸ். இப்போது பேச்சில் காற்றுப் போகவில்லை.

பூசைக்குள் கெட்டிப் பல்செட்டாக்கித் தருவதாகச் சொல்லி ஜின்சன் மெழுகை வாங்கிக்கொண்டான். ஜீப் ஹாரன் அடித்தது. அவர்கள் இறங்கிப் போனதும் டாக்டர் வேறு இரண்டு அளவுகளை ஜின்சன் கையில் வைத்தார்.

"அக்காவும் தங்கையும். எலும்பைப் பார்த்தே யாருதுன்னு சொல்லுங்கோ பார்ப்போம்."

"வேண்டாம் டாக்டர், பேரைச் சொல்லுங்க" என்று சிரித்த ஜின்சன், இனி ஊற்றப்போகும் ஈரப் பிளாஸ்டரிலேயே பேரைக் கீறி எழுத ஓர் ஆணியைத் தேடினான்.