லைட்டுப் பெட்டியும் தாய்மாமன் மடியும்

சித்திரையில் என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்று நாள் குறித்துவிட்டார்கள். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும். ஆனால் என் தொடையிலும் முழங்காலிலும் சொரியாசிஸ். செதில் செதிலாக உதிரும், சொறிந்தால் ரத்தம் கசியும். அது ஒட்டாது என்று தங்கச்சி தன் மாமியாரிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு. பச்சப்பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டா அவரா வந்து நிப்பாரு? ஒனக்கு ஒன்னுவிட்ட அண்ணன் இருக்கான்ல, அவன் மடியில வச்சுக்கிடுவோம்."

தங்கச்சியோடு நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பக்கத்தில் நின்று சொன்னது இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே பயலாஜிக் என்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். காசநோய் இல்லையென்று பரிசோதித்த பிறகுதான் அதை ஆரம்பித்தார்கள். முதுகும் கையும் நன்றாகத் தெளிந்தன. தொடை மட்டும் மசியவில்லை. ஊசியை நிறுத்தாமல் கூடவே லைட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"ரெண்டும் சேந்தா சில பேருக்கு நல்லாக் கேக்குது. விட்டு விட்டு வந்தா பிரயோஜனம் இல்ல. தோல் செவந்தா உடனே சொல்லணும்."

"சித்திரைக்குள்ள போயிருமா சார்?"

உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

லைட்டு என்றால் ஆள் உயரப் பெட்டி. உள்ளே சுற்றிலும் புற ஊதாக் கதிர் டியூப்கள். கண்ணில் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஜட்டியோடு நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

நான் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வேலை நடக்கும் அறையில் எவனாவது கதவைச் சாத்தினால் அவனைத் தொலைத்துவிடுவேன். சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்க்காதே, ஓடு. வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

பெட்டிக்குள் சூடு ஏறியது. தூசி கருகுகிற மாதிரி ஒரு வாடை. தலைக்கு மேலே 'படக்' என்று ஏதோ சத்தம். அடுத்து எனக்கு நினைவிருப்பது, வராந்தாவில் ஜட்டியோடு நின்று "ஓடுங்க, வெளிய ஓடுங்க" என்று கத்தியதுதான். பெஞ்சில் இருந்த மதுரைக்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எங்கள் பட்டாசு வட்டாரத்துச் சாத்தூரில் இருந்தும் எம். புதுப்பட்டியில் இருந்தும் வந்தவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுந்து வாசலைத் தாண்டி ஓடியே போய்விட்டார்கள். மரத்தடியில் போய் நின்ற பிறகுதான், "எங்கன வெடிச்சது?" என்று ஒருத்தர் கேட்டார்.

வெடித்தது எதுவும் இல்லை. ஒரு டியூப் மக்கர் பண்ணியிருக்கிறது. மானம் போய்விட்டது. இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டுத் தங்கச்சி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "மடி வேணுமா வேணாமாண்ணே? அத மட்டும் சொல்லு" என்றாள். அடுத்த முறை கூடவே வந்தாள். நர்ஸ் பெட்டியின் கதவைக் காட்டி, "தாழ்ப்பாளே கெடையாதுண்ணே. ஒரு விரலால தள்ளுனாத் தெறந்துக்கிடும்" என்றார். தள்ளிப் பார்த்தேன், திறந்தது. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"நீ வெளிய நின்னு பேசிக்கிட்டே இரு. பேச்சு நின்னா ஓடிருவேன்" என்றேன் தங்கச்சியிடம்.

அவள் பேசினாள். பிள்ளை இட்லியைத் துப்பியது, மாமியார் முறைத்தது, வீட்டில் மிக்ஸி எரிந்தது, எல்லாம். ஒவ்வொரு முறையும் நான் கதவில் ஒரு விரலை வைத்துக்கொண்டே நின்றேன். அந்தப் பயம் கடைசிவரை போகவில்லை. ஒருமுறை தோல் சிவந்துபோய் லைட்டைக் குறைத்தார்கள். நாள் நெருங்குகிறதே என்று எனக்குத் தூக்கமில்லை. பிறகு செதில் மெலிந்தது, உதிர்வது நின்றது. சித்திரை பிறந்தபோது தொடையில் வெளிறிய தடம் மட்டும் மிச்சம்.

குலதெய்வம் கோவிலில் மனையில் உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். அப்போது தங்கச்சி மாமியார் குனிந்து, புதுத் துண்டு ஒன்றை மடித்து என் மடியில் விரித்தார். சுற்றி நின்ற சனம் முழுக்கப் பார்த்தது.

துண்டை எடுத்து அந்த அம்மா கையிலேயே கொடுத்தேன். "இது வேணாம் அத்தை. வேணுமின்னா நான் எந்திரிச்சிக்கிடுதேன்."

அந்த அம்மா என் வேட்டியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கச்சி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நின்றாள், உட்காரவைக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

"நல்ல நேரம் போகுது, பிள்ளைய உக்காத்து" என்றார் மாமியார் கடைசியில்.

ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கூட நானும் அழுதேன். அத்தனை பேர் முன்னால், மூக்கு ஒழுக. அந்த அம்மா அதே துண்டால் பேத்தியின் முகத்தைத் துடைத்துவிட்டு, "நீகளும் மொகத்தத் தொடைங்க தம்பி" என்று என்னிடம் நீட்டினார். துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி, தன் தோளில் போட்டுக்கொண்டு பந்தியைக் கவனிக்கப் போனார்.