இருநூறு இடது கை

மாஸ்டரக்கா மேசையிலிருந்து ஓர் இரும்புக் கட்டியை எடுத்துப் பிடரியில் வைத்துக்கொள்கிறார். வெட்டும்போது துணி நகராமல் இருக்க மேலே வைக்கும் கட்டி அது, இரண்டு கிலோ இருக்கும். காலை எட்டு மணிக்கு நன்றாகக் குளிர்ந்து கிடக்கும். ஒன்று சூடேறியதும் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். ஆறு கட்டியும் ஒரு சுற்று வந்த பிறகுதான் வேலையில் கை வைப்பார். அதற்குள் யாராவது "குட் மார்னிங் அக்கா" என்று சொல்லித் தொலைத்தால், "மார்னிங்தான். குட்டா இல்லையான்னு மத்தியானம் சொல்றேன்" என்று பதில் வரும்.

அதே சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளை போடும் மெஷினில் உட்கார்பவள் நான். என் மெஷினுக்கு நேர் எதிரே அவருடைய வெட்டு மேசை. பதினோரு வருடமாக நிமிர்ந்தால் அவர் முகம்தான். அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அதில் பத்தொன்பது வருடம் அந்த மேசைமுன் நின்று கழிந்தது. நூறு அடுக்குத் துணியை விரித்து, இடது கையில் இரும்புவலைக் கையுறை மாட்டி, கத்தி மெஷினை ஓட்டினார் என்றால் மேல் அடுக்கும் அடி அடுக்கும் ஒரு நூல் பிசகாது. ஆண்கள் மட்டுமே நின்ற மேசை அது. முதல் வருடம் கிண்டலுக்கு "மாஸ்டர்" என்று கூப்பிட்டவர்கள், இரண்டாம் வருடம் வாயை மூடிக்கொண்டு நிஜமாகவே அப்படிக் கூப்பிட வேண்டியதாயிற்று.

ஒன்றரை வருடமாக அவருக்கு ராத்திரியில் வேர்க்கிறது. துண்டால் ஒற்றி எடுத்துவிடுகிற வேர்வை இல்லை. "உள்ள யாரோ அடுப்பப் பத்த வச்ச மாதிரி இருக்கும்டி. நெஞ்சுல ஆரம்பிச்சு காது வரைக்கும் ஏறும். அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் தொப்பலா நனைஞ்ச துணியோட வெடவெடன்னு குளுரும். போத்திக்கிட்டா மறுபடியும் அடுப்பு." இப்படி ஒரு ராத்திரிக்கு மூன்று முறை, நான்கு முறை.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி வெட்டு மேசைக்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடியது. படுக்கையையே அடுக்குப் போட்டார். மெத்தைமேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஒரு துணி, மறுபடி பிளாஸ்டிக், மறுபடி துணி என்று நான்கு அடுக்கு. நனைந்து எழும்போது மேலடுக்கை உரித்துக் கீழே போடுவார். அடியில் காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். விளக்குப் போட வேண்டாம், அலமாரியைத் திறக்க வேண்டாம். கம்பெனியில் கழித்த பருத்தித் துணியில் கையில்லாத இரவு உடுப்பு ஆறு வெட்டித் தைத்துக் கட்டில் தலைமாட்டில் வைத்திருக்கிறார். நடுராத்திரி இருட்டில் உடை மாற்றிவிட்டுப் படுக்க ஒரு நிமிடம் ஆகிறதாம். "நின்னுக்கிட்டே நேரம் பாத்திருக்கேன்" என்றார்.

கணவர் இடி விழுந்தாலும் புரண்டு படுக்காத மனிதர். ஆனால் மேசை ஃபேன் ஓடினால் மட்டும் விழித்துக்கொள்வார். அந்த ஃபேனுக்கு ஒரு கால் குட்டை. ஓடினால் டக டக என்று ஆடும். "அந்தச் சனியன நிறுத்து, மனுஷன் தூங்க வேணாமா?" என்பாராம். மனுஷன். ஒருநாள் இவர் போர்வையை இழுத்ததில் தூக்கம் கலைந்துவிட்டதென்று காலையில் பெரிய பஞ்சாயத்து. அக்கா கத்தரியை எடுத்தார். இருவருமாகப் போர்த்திக்கொண்டிருந்த பெரிய போர்வையைத் தரையில் விரித்து, நடுவில் சாக்கட்டியால் கோடு போட்டு, நேர்கோட்டில் இரண்டாக வெட்டினார். கணவரின் பாதிக்கு ஓரமும் அடித்துக் கொடுத்தார். "பிசிறு வந்தா அதுக்கும் தூக்கம் கெட்டுடுமே" என்றார் என்னிடம்.

யோசனை சொல்லத்தான் ஊருக்குப் பஞ்சமே இல்லையே. நாத்தனார் தொலைபேசியில் சொன்னாளாம், "கோவத்தக் கொறைங்க அண்ணி, வேர்வ தானா நிக்கும்." அக்கா பதிலுக்கு, "கோவத்தால வேர்க்கலம்மா. வேர்க்கறதாலதான் கோவம். நீ போன வைக்கறதாலயும் கொஞ்சம் கொறையும்" என்று முடித்தார். டாக்டரிடம் இரண்டு மணி நேரம் காத்திருந்து போனதற்கு, "இந்த வயசுல இப்படித்தாம்மா இருக்கும்" என்று ஒரு சத்து மாத்திரை. அக்கா வெளியே வந்து சொன்னது எனக்கு மறக்காது: "இந்த வயசுல பல்லு விழுந்தா கட்டறாங்க. கண்ணு மங்குனா கண்ணாடி குடுக்கறாங்க. இதுக்கு மட்டும் வயசுன்னு சொல்லி வாசல காட்டறாங்க. வேற டாக்டரப் பாக்கறேன். இந்த ஊர்ல ஒருத்தராவது காது வச்சிருப்பாங்கல்ல?"

வேலையிடத்தில் நிலைமை வீட்டைவிட மோசம். வெட்டு மேசைக்கு மேலே ஓடிய ஃபேனை, காற்றில் துணி தூக்குகிறது என்று மேனேஜர் முன்பே கழற்றிவிட்டார். அவருக்கு முப்பத்தைந்து வயது. அவர் அறையில் ஏசி உண்டு, அங்கே பறக்க ஒரு துணியும் இல்லை. அக்கா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "பாக்கலாம்க்கா" என்ற ஒரே பதில்.

போன வியாழக்கிழமை அது நடந்தது. முந்தின ராத்திரி நான்கு அடுக்கும் தீர்ந்து, அக்கா விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்று சட்டைக் கை வெட்ட வேண்டும். துணியில் ஒரு பக்கம் மட்டும் கட்டம் அச்சடித்திருந்தது. அப்படிப்பட்ட துணியை அச்சுப் பக்கம் மேலே பார்க்க விரித்தால், அளவு அட்டையை இடது கைக்கு ஒருமுறை வைத்துவிட்டு, வலது கைக்குத் திருப்பிப்போட்டு வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித்தருகிற பாடம் அது. அக்கா அட்டையைத் திருப்பவில்லை. நூறு சட்டைக்கு இருநூறு இடது கை வெட்டிவிட்டார்.

மேனேஜர் இரண்டு கைத்துண்டுகளைத் தூக்கிப் பிடித்தார். "இந்தச் சட்டைய யாருக்கு விக்கறது? ரெண்டு கையும் இடது கையாப் பொறந்தவனத் தேடணுமே!" தையல் வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது, ஆனால் சிரித்தேன்.

இதே தப்பைப் போன வருடம் பக்கத்து மேசைக்காரர் செய்தார். ராத்திரி முழுக்க மேட்ச் பார்த்துவிட்டு வந்து, இதே போல இடது கையாக வெட்டித் தள்ளினார். அப்போது மேனேஜர் அவர் தோளில் தட்டி, "மேட்ச் அப்படி! மனுஷன்னா தப்பு வரத்தானே செய்யும்" என்றார். அந்தத் துண்டுகளைக் காலர் பட்டைக்கு வெட்டிச் சமாளித்தோம். அக்காவின் துண்டுகளையும் அப்படித்தான் சமாளித்தோம். ஆனால் வெள்ளிக்கிழமை அக்கா கைக்கு ஒரு தாள் வந்தது. கவனக்குறைவு காரணமாகத் திங்கள் முதல் பிசிறு வெட்டும் பிரிவுக்கு மாற்றம், கீழே கையெழுத்து இடவும். பிசிறு வெட்டுவது என்றால் தைத்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்குவது. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் வேலை. "உங்க வயசுக்கு உக்காந்து பாக்கற வேல நல்லதுக்கா" என்று மேனேஜர் அதற்குத் தேன் வேறு தடவினார். அக்கா தாளைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அவர் வீட்டிலிருந்த அந்தக் குட்டைக்கால் மேசை ஃபேனோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்க, "மடியில உக்காந்து வர்ற கொழந்தைக்கு டிக்கெட் போடுவியா?" என்று கேட்டு அடக்கிவிட்டு வந்திருக்கிறார். நேராக வெட்டு மேசைக்குப் போய், ஓரத்தில் ஃபேனை வைத்து ஓடவிட்டார். டக டக டக என்று அது ஆடத் தொடங்கியது.

மேனேஜர் தாளோடு வந்தார். "அக்கா, உங்க எடம் அந்தப் பக்கம். ஃபேன் வேற என்ன இது?"

அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. தையல் வரிசையின் கடைசி மெஷின்வரை கேட்டது. "எனக்கு மாசாமாசம் வர்றது நிக்கற நேரம் சார். ராத்திரி மூணு தடவ, நாலு தடவ நனைஞ்சு எழுந்துக்கறேன். ஒன்றர வருஷமா ஒரு ராத்திரி முழுசாத் தூங்கல. நீங்க ஒருத்தராவது ஏன்னு கேட்டீங்களா? அவரு மேட்ச் பாத்துட்டு வந்தா மனுஷன். நான் தூங்காம வந்தா கவனக்குறைவா?"

பக்கத்து மேசைக்காரர் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார். மேனேஜரின் காது சிவந்தது. "அதெல்லாம் இங்க எதுக்குக்கா... ஃபேன் போட்டா துணி தூக்கும், அதுதான் விஷயம்."

"தூக்கினா நானே பிசிறு வெட்டப் போறேன். தூக்கலேன்னா இந்த மேச என்னுது. விரிக்க ஆள் அனுப்புங்க."

துணி விரிக்க மறுமுனையில் ஓர் ஆள் பிடிக்க வேண்டும். வழக்கமாகப் பிடிப்பவர் பக்கத்து மேசைக்காரர்தான். அவர் மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போய் மறுமுனையைப் பிடித்தேன். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். வியாழக்கிழமை நான் சிரித்தது அவருக்குத் தெரியும். "நேராப் புடி" என்றார், அவ்வளவுதான்.

ஒன்றரை மணி நேரத்தில் நூறு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கையும் காற்று வந்த பக்கத்தில் முதலில் இரும்புக் கட்டியை வைத்து அழுத்தி, அப்புறம்தான் நீவி விரித்தார். நடுவில் ஒருமுறை அவர் முகம் சிவந்து நெற்றியெல்லாம் வேர்வை பொடித்தது. ஃபேன் முன்னால் நின்று, மனதுக்குள் எண்ணிக்கொண்டு, அது அடங்கியதும் திரும்பினார். அட்டையை வைத்தார், கோடு போட்டார், திருப்பினார், மறுபடி கோடு போட்டார். மேனேஜர் குனிந்து அடுக்கின் ஓரத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தார். ஒரு நூல்கூட வெளியே வரவில்லை. அக்கா வெட்டி முடித்து, அடியில் இருந்த கடைசி ஜோடியை உருவினார்.

"கைய நீட்டுங்க சார்."

அவரும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நீட்டினார். அக்கா ஒன்றை அவர் இடது கையிலும், மற்றதை வலது கையிலும் போர்த்திவிட்டார். "இது இடது. இது வலது. பொறந்த மாதிரியே."

இந்தத் தடவை நான் சத்தமாகவே சிரித்தேன்.

மேனேஜர் துண்டுகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். "சரிக்கா, இங்கயே பாருங்க. ஆனா இந்த ஃபேன் சத்தம் தாங்கல. அப்புறம் இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. சும்மா ஃபைலுக்குத்தான்."

அக்கா தாளை வாங்கினார். நான்காக மடித்தார், விரல் நகத்தால் மடிப்பை அழுத்தி நீவினார். பிறகு ஃபேனை ஒரு கையால் லேசாகச் சாய்த்து, குட்டைக் காலுக்கு அடியில் தாளைச் செருகினார். டக டக சத்தம் நின்றது.