அவிழ்க்காத கலயம்

மாலை நாலே முக்கால். சந்திரகிரிக் கோட்டைக்குப் பின்னால் பனைமரத்தடியில், வாயை ஓலையால் மூடிக் கட்டிய ஒரு கலயம் இருந்தது. ஆவி, மாயம் எதையும் நான் நம்பியவனில்லை. நீங்களும் நம்ப வேண்டியதில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆந்திரம் தனி மாநிலமாகி, எங்கள் ஊர் நகரி தமிழருக்கா தெலுங்கருக்கா என்று கல்லூரி விடுதியில் தினமும் சண்டை நடந்த காலம். மதுவிலக்கு வேறு. நானும் புத்தூர் முனுசாமியும் அதுவரை கள்ளை வாயில் வைத்ததில்லை. ஆனால் குடித்தவன் எப்படி நடந்துகொள்வான் என்பது மட்டும் மனப்பாடம்: உளறுவான், தள்ளாடுவான், அடிப்பான், மறுநாள் எல்லோரும் மன்னித்துவிடுவார்கள். கூட வந்த என் தெலுங்கு அறைத்தோழன் சுப்பராயுடு, வேண்டாம் என்று பாறையில் உட்கார்ந்துகொண்டான்.

முனுசாமி கட்டை அவிழ்த்தான். மாறி மாறிக் குடித்தோம்.

“இன்னாடா இது, இனிக்குது?” என்றேன்.

“மொதல்ல அப்டித்தான் இருக்கும் நைனா. ஏறும் பாரு.”

ஏறியது. நாக்கு குழறியது, கால் பின்னியது. சுப்பராயுடு சிரித்தான். “ஒரேய், நிக்கவே முடியல, உனக்கு நகரி வேணுமா? நகரி மாதேரா, எங்களுது!”

அவன் இடக்காதில் ஓங்கி அறைந்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. காதிலிருந்து ரத்தம் வந்ததும் பயந்து அழுதேன்.

“அழாதடா. நீ அடிக்கல, கள்ளு அடிச்சிச்சு,” என்றான் அவன், காதைப் பொத்திக்கொண்டு.

அப்போது கலயத்துக்குச் சொந்தக்காரரான மரமேறி வந்தார். அவரிடமும் அதையே சொன்னேன்: கலயத்தைக் காலி செய்துவிட்டோம், போதையில் கைநீட்டிவிட்டேன்.

“இன்னா போதை? சுண்ணாம்பு தடவி எறக்குன பதநீர்பா அது. கொழந்தைங்க குடிக்கிறது.” கலயத்தைப் பார்த்துக் குனிந்தவர் என்னை முறைத்தார். “குடிச்சிட்டேன்னு வேற சொல்லிக்கினு கீறியே. நான் போட்ட முடிச்சு அப்டியே கீது!”

அப்படியேதான் இருந்தது. அவரே அவிழ்த்தார். விளிம்புவரை நிறைந்திருந்தது. சுற்றிலும் வேறு கலயம் இல்லை. நாங்கள் குடித்ததைப் பாறையிலிருந்து சுப்பராயுடுவும் பார்த்திருக்கிறான். என் சட்டையின் முன்புறம் இனிப்பு வழிந்து பிசுபிசுத்தது.

முனுசாமி இன்றும் “அன்னிக்கு நல்ல போதை” என்கிறான். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கலயத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. மன்னிப்பு கிடைக்கும் என்று தெரிந்தே ஓங்கிய கையின்மேல்தான்.

சுப்பராயுடு இந்தப் பக்கம் வந்தால் என் வீட்டில்தான் சாப்பிடுகிறான். நான் பேசும்போது வலக்காதை என் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.