புயலின் ஜாக்கெட்டும் என் சூட்டுக் குழாயும்

ஈரத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பதினெட்டு வருடமாகச் சலவைக் கடை நடத்துகிறவள் நான். கடைக்குப் பின்னால்தான் வீடு. என் நாத்தனாரின் தோல் ஜாக்கெட்டைக் கெடுத்ததும் இந்தக் கைதான், மறைப்பானேன்?

அவளை வீட்டில் புயல் என்றுதான் கூப்பிடுவோம். மருத்துவமனைகளுக்கு பைக்கில் ரத்தப் பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பைக் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவளாக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. போன வருடம் தேர்வுக்குப் போனாள். தோல் உடை இல்லையென்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருடத்துக்கு ஒரே தேர்வுதான். அப்புறம் இரட்டை ஷிப்ட் பார்த்துப் பழைய ஜாக்கெட் ஒன்றை வாங்கினாள். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படித் துடைத்துப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வருடத் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது தொப்பலாக நனைந்து வந்தாள். பூட்ஸுக்குள் காகிதம் திணித்தாள், ஜாக்கெட்டை ஒற்றித் துடைத்து, அகலமான ஹேங்கரில் ஜன்னலோரம் மாட்டினாள். அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது; மழைக்கோட்டோடு ஓடினாள். தரையெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இது என்றைக்குக் காய? பாவம் பிள்ளை என்று, உலர்த்தும் அறைக்கு எடுத்துப்போய்ச் துணி காய நீராவி ஓடுகிற சூட்டுக் குழாய் மேல் விரித்தேன். துணிக்கு அரை மணி நேரம். தோல் தடிமனாயிற்றே என்று ஒரு மணி நேரம் விட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

எடுத்தபோது ஜாக்கெட்டின் இடது கை பலகையாக விறைத்துக் கிடந்தது.

திரும்பி வந்தவள் மாட்டிப் பார்த்தாள். முழங்கை மடங்கவில்லை. மடங்காவிட்டால் கிளட்ச்சைப் பிடிக்க முடியாது. உடையைச் சோதித்த பிறகுதான் தேர்வில் வண்டியில் ஏறவே விடுவார்கள்.

“அண்ணி, என்ன பண்ணீங்க?”

“காய வெச்சேன்டி.”

“இது தோலு அண்ணி! உங்களை அந்தக் குழாய் மேல ஒரு மணி நேரம் படுக்க வெச்சா எப்படி இருப்பீங்க?”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நல்லது பண்ணப் போனா எனக்கு இதுதான் மரியாதை!” என்று கத்தினேன். கத்திவிட்டு உலர்த்தும் அறைக்குள் போய் அழுதேன். அவள் ஒரு வருட உழைப்பை ஒரு மணி நேரத்தில் பாழாக்கியிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே ஒரு டப்பாவோடு வந்தாள். தோலுக்குப் போடுகிற களிம்பு.

“அழுதது போதும். முறுக்கிப் பிழியுற கையாச்சே, இன்னைக்காவது மெதுவா வேலை செய்யட்டும்.”

ஈரத்துணி சுற்றிக் கொஞ்சம் இளக்கினோம். களிம்பை மெல்லிசாகத் தடவி, விரலால் தேய்த்து, ஊறவிட்டு, மறுபடியும் தடவினோம். தோல் கொஞ்சம் இளகியதும் அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் திரிந்தாள். சாப்பிடும்போதும் கழற்றவில்லை. “என்ன, கூரை ஒழுகுதா?” என்று கேட்ட என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் முழங்கை மடங்கியது. மணிக்கட்டுச் சுருக்கம் மட்டும் போகவே இல்லை.

தேர்வில் அதைத்தான் பிடித்தாராம் சோதித்தவர். “சூடு காட்டினீங்களா?” என்று கேட்டாராம். இவள் ஒளிக்காமல் நடந்ததையும், அதை மீட்ட விதத்தையும் சொல்லியிருக்கிறாள். அவர் தையலை இழுத்துப் பார்த்து, கையைப் பத்து முறை மடக்கச் சொல்லிவிட்டு, “ஏறுங்க” என்றாராம். ஏறினாள். வேலையோடுதான் வீட்டுக்கு வந்தாள்.

அவளுடைய முதல் வகுப்பில் ஏழு பேர். அதில் நானும் ஒருத்தி. நாற்பத்தாறு வயதில் உனக்கு எதற்கு பைக் என்றார் வீட்டுக்காரர். சலவை மூட்டைகளை இனி நானே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்றேன்.

புயல் அந்த இடது கையைத் தூக்கிக் காட்டினாள். “மழையில நனைஞ்ச தோலுக்குச் சூடு காட்டினா இப்படித்தான் ஆகும். காட்டினவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க.”

மற்ற ஆறு பேரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அடிப்பாவி, மானத்தை வாங்கிவிட்டாளே என்று நினைத்தேன்.

“இதைச் சரி பண்ணினதும் அவங்கதான்” என்று களிம்பு டப்பாவை நீட்டினாள். “எப்படின்னு வந்து காட்டுங்க, அண்ணி.”

ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.