தறிச் சத்தத்தில் சொன்னது

நான் மனநல ஆலோசகர். திருத்தணியில் இதைச் சொன்னால் என்னைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் அறை எடுத்து போர்டு மாட்டிய முதல் மாதம், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள்தான் எட்டிப் பார்த்தன. "இங்க பாத்ரூம் கீதா?" என்று கேட்டுவிட்டுப் போயின.

கடைசியில் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வீட்டிலேயே விசைத்தறி, முப்பது வருஷமாக இருவரும் சேர்ந்தே ஓட்டுகிறார்கள். அந்தச் சத்தத்தில் பழகிய தொண்டை எங்கே போனாலும் இறங்காது என்பது எனக்கு அப்போது தெரியாது.

"டாக்டரம்மா! இந்த ஆளு என்னாண்ட ஒரு நல்ல வார்த்த பேசி எத்தினி வருசமாச்சு கேளுங்க! கிருத்திகை முடியட்டும், நகரியில எங்கண்ணன் வூட்டுக்கே போய்டறேன்!"

கீழே பூ விற்பவள் படிக்கட்டிலிருந்து, "போவாதக்கா!" என்று குரல் கொடுத்தாள்.

நோயாளியின் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று எனக்கு ஐந்து வருஷம் பாடம் நடத்தியிருந்தார்கள். "கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா" என்றேன். அவ்வளவுதான், பேச்சே நின்றுவிட்டது. கணவர் மின்விசிறியைப் பார்த்தார். அந்த அம்மா என்னை முறைத்தார்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தறி ஓடும்போது பேசினால் யார் காதிலும் விழாதே! என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, கிருத்திகைக்கு மறுநாள் பஸ் ஏறினேன்.

வாசலில் அந்த அம்மாவின் துணிப்பை தயாராக இருந்தது. முப்பது வருஷக் குடித்தனம் போகப்போகிறது, கூடவே என் ஒரே கேஸும். உள்ளே தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நூல் சுற்றும் பெண்கள் இரண்டு பேர் ஓரமாக இருந்தார்கள். நான் அந்தக் கணவரின் காதருகே போய்க் கத்தினேன்: "அவங்க போய்ட்டா உங்களுக்கு என்னங்க?"

அவரும் அடிவயிற்றிலிருந்து கத்தினார். பாதியில் கரண்ட் போனது.

"...அவ இல்லன்னா நான் செத்தே பூடுவேம்மா!"

தெருவே கேட்டிருக்கும். நூல் சுற்றிய பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இத என்னாண்ட எப்பய்யா சொன்ன?"

"தறி ஓட்டிகினே தெனம் சொல்லிகினுதான கீறேன்!"

"கரண்ட் இல்லாதப்போ சொல்றதுக்கு என்னா?"

"அப்பதான டீ குடிக்கப் போவேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஐந்து வருஷப் படிப்பு அங்கே ஒரு மூலையில் சும்மா நின்றது.

கரண்ட் திரும்ப வந்தது. அவர் தறியைப் போடக் கையை நீட்டினார்.

"இருய்யா," என்றார் அந்த அம்மா. "இன்னொரு தபா சொல்லிட்டு அப்பறம் போடு."